வன்னிக்குள் வந்த சாமான் கோச்சியை இழுத்தது எந்த எஞ்சின்?

மாங்குளத்தான்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வளவுக் கிணற்றின் குறுக்கே ஒரு தண்டவாளம் கிடக்கிறது. கப்பி தொங்குவது அதில்தான். 1990க்குப் பிறகு பாதையைக் கிளப்பி, சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் பங்கருக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது, வளவின் பின்பக்கம் இடிந்து கிடந்த பங்கருக்குள் இருந்து அப்பா இழுத்தெடுத்த துண்டு இது.

போன கிழமை கிணற்றுக் கட்டைத் திருத்தினோம். தண்டவாளம் நீளம் கூடி இடைஞ்சலாக இருந்ததால் ஒரு முனையில் சரியாக மூன்று அடி வெட்டி எடுத்தோம். அந்தத் துண்டை அரிசி மில் தராசில் வைத்தேன். 34 கிலோ 600 கிராம். மேல்தலை ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்திருக்கிறது. விரலால் தடவினால் அந்தச் சரிவு தெரிகிறது. இவ்வளவு இரும்பைத் தேய்க்க எத்தனை சில்லு உருண்டிருக்கும்!

அம்மப்பாவுக்கு 84 வயது. யாழ்தேவி றெயிலைப் பற்றிக் கேட்டால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். கரிக்கோச்சி இழுத்த சாமான் பெட்டிகளைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார். மகனோ யூடியூபில் அமெரிக்காவின் பிக் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்று மாங்குளத்துக்கு வந்ததா என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விசயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சில்லுச்சத்தம்

வணக்கம் தம்பி. தராசில் வைத்துப் பார்த்தீர்களே, அதுதான் சரியான தொடக்கம்.

தண்டவாளத்தை அந்தக் காலத்தில் ஒரு யார் நீளத்துக்கு எத்தனை இறாத்தல் பாரம் என்றுதான் சொல்வார்கள். மூன்று அடி என்றால் ஒரு யார். உங்கள் துண்டு 76 இறாத்தல் சொச்சம் வருகிறது. துருவும் தேய்வும் தின்றதைச் சேர்த்தால் அது பிறந்தபோது 80 இறாத்தல் தண்டவாளமாக இருந்திருக்கும்.

எஞ்சினைத் தீர்மானிப்பது முதலில் இந்த எண்தான். ஓர் அச்சின் இரண்டு சில்லும் சேர்ந்து தண்டவாளத்தில் இறக்கும் பாரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 80 இறாத்தல் பாதையில் பதினைந்து, பதினாறு தொன் என்றால் பயமில்லை. அதற்கு மேல் ஏற்றினால் சிலிப்பர் கட்டைகளை நெருக்கிப் போட வேண்டும், பாலங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பிக் போய் 1941 முதல் 1944 வரை யூனியன் பசிபிக் கொம்பனிக்காக 25 மட்டும் கட்டப்பட்டது. சில்லுக் கணக்கில் 4-8-8-4, அதாவது முன்னால் வழிகாட்டும் சிறிய சில்லு நான்கு, இழுக்கும் பெரிய சில்லு எட்டும் எட்டும், பின்னால் நான்கு. இழுக்கும் எட்டு அச்சில் ஒவ்வொன்றும் 30 தொன்னுக்கு மேல் இறக்கும். உங்கள் கிணற்றுத் தண்டவாளம் அதைச் சுமக்காது. வயோமிங், யூட்டா மலைகளில் நீண்ட சாமான் றெயில்களை இன்னொரு எஞ்சின் துணையில்லாமல் ஏற்றுவதற்காகவே பிறந்தது அது. மகனிடம் சொல்லுங்கள், 4014ஆம் இலக்கத்தை 2019இல் திருத்தி மறுபடி ஓடவைத்திருக்கிறார்கள். அவன் பார்த்த வீடியோ அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

இலங்கையின் சமதரைப் பாதைகளில் பெரும்பாலும் உழைத்தவை 4-6-0 வகை எஞ்சின்கள். முன்னால் வழிகாட்டும் சிறிய சில்லு நான்கு, இழுக்கும் பெரிய சில்லு ஆறு, பின்னால் ஒன்றுமில்லை. B1 வகுப்பு அதில் பேர்போனது. அதே எஞ்சின் பகலில் ஆட்களையும் இரவில் சாமானையும் இழுக்கும்.

பரந்தன் பொடியன்

அண்ணை, ஒரு சந்தேகம். பாரம் கூடினால் தண்டவாளம் தாங்காது என்கிறீர்கள். அப்போ பாரம் குறைந்த எஞ்சினில் பெரிய பிஸ்டன் வைத்து, கொதிகலனின் அமுக்கத்தையும் கூட்டினால் போதாதா? சக்தி வந்துவிடும்தானே?

சில்லுச்சத்தம்

நல்ல கேள்வி தம்பி. வயலில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டியிருப்பீர்கள். சேற்றில் இறங்கியதும் எஞ்சின் முழங்கும், சில்லு சுற்றும், வண்டி அசையாது. எஞ்சினில் சக்தி குறைவா? இல்லை. சில்லுக்குப் பிடி இல்லை. அப்போது என்ன செய்வோம்? ஒருவர் ஏறி மேலே நிற்பார், இல்லாவிட்டால் கல்லைக் கட்டுவோம்.

உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் நிற்பதும் அப்படித்தான். இழுக்கும் சில்லுகளின் மேல் நிற்கும் பாரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வரைக்கும்தான் இழுக்கலாம். அதைத் தாண்டினால் சில்லு வழுக்கி வெறுமனே சுற்றும். மழைத் தூறலில் இன்னும் மோசம். அதற்காகத்தான் எஞ்சினில் மணல்பெட்டி இருக்கும். குழாய் வழியாகச் சில்லுக்கு முன்னால் மணல் விழும்.

ஆக, பாரம் வேண்டும். ஆனால் ஓர் அச்சில் அளவுக்கு மேல் வைக்க முடியாது. மிச்சம் இருக்கும் வழி, இழுக்கும் அச்சுகளைக் கூட்டுவது. ஆறு சில்லு எட்டானது, எட்டு பத்தானது.

பிரித்தானிய றெயில்வேயின் 9F இதற்கு நல்ல உதாரணம். 1954 முதல் 1960 வரை 251 கட்டினார்கள். 2-10-0. ஓர் அச்சுக்கு 15.5 தொன் மட்டும். ஐந்து அச்சும் சேர்ந்தால் 77.5 தொன். இழுவிசை 39,667 இறாத்தல், அதாவது 17.7 தொன். 77.5ஐ 17.7ஆல் வகுத்துப் பாருங்கள், நாலரைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வழுக்குவதற்குச் சற்று முன்னால் கோட்டைப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு எப்போது பார்த்தாலும் அழகாகத் தெரியும்.

இன்னொன்று சில்லின் உயரம். வேகத்துக்குப் பெரிய சில்லு, இழுவைக்குச் சிறிய சில்லு. இங்கிலாந்தின் மல்லார்ட் எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்கு 6 அடி 8 அங்குலம். 9Fக்கு 5 அடி. பாதையின் அகலம் மட்டும் ஒத்துவந்திருந்தால் 9F எங்கள் 80 இறாத்தலில் தாராளமாக ஓடியிருக்கும். அவர்களுடையது 4 அடி 8½ அங்குலம், எங்களுடையது 5 அடி 6 அங்குலம்.

செட்டிகுளம் ரீச்சர்

பௌதிகம் படிப்பிக்கிறவள் என்பதால் ஒரு கணக்கைச் சேர்த்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வகுப்பில் இதைத்தான் செய்து காட்டுவேன்.

நல்ல சமதரைப் பாதையில் ஒரு தொன் பாரத்தை மெதுவாக உருட்டிக்கொண்டு போக நாலைந்து கிலோ விசை போதும். இப்போது மலைநாட்டுப் பாதைக்குப் போவோம். அங்கே 44 அடிக்கு ஓரடி ஏற்றம். 1000 கிலோவை 44ஆல் வகுத்தால் ஏறக்குறைய 23 கிலோ. அதே ஒரு தொன்னுக்கு ஏற்றத்தில் மட்டும் 23 கிலோ கூடுதலாக வேண்டும். மொத்தம் 27, 28. ஆறு மடங்கு. வளைவுகளும் அங்கே கடுமை, 5 செயின், அதாவது 330 அடி ஆரை.

அதனால்தான் இலங்கையின் மிகக் கனமான நீராவி எஞ்சின் வன்னிக்கு வரத் தேவைப்படவில்லை. கரற் எஞ்சின் மலைக்குப் போனது. கொதிகலன் நடுவில் தொங்கும், முன்னால் ஒரு சில்லுக் கூட்டம், பின்னால் ஒரு சில்லுக் கூட்டம், இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். 2-6-2+2-6-2. மான்செஸ்டரில் பேயர் பீகொக் கட்டியது. முதலாவது 1927இல் வந்தது, 1945இல் இன்னும் எட்டு வந்தன. வளைவில் ஒடிந்து திரும்பும் நீண்ட உடம்பு, பாரமும் பல அச்சுகளில் பரவிவிடும்.

வவுனியாவில் இருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று போகும்போது ஜன்னலால் பாருங்கள். இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு மெதுவான சரிவு. ஒரு 4-6-0 நிதானமாக நீண்ட சாமான் கோச்சியை இழுத்துப் போகும் நிலம் இது.

கனகராயன்

எல்லாம் வாசித்தேன். ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கனமான சாமான் எஞ்சின் என்றதும் எனக்கு ஜெர்மனியின் 52ஆம் வகுப்புத்தான் ஞாபகம் வரும். அதுவும் 2-10-0தான். யுத்த எஞ்சின் என்றே பெயர். 1942 தொடக்கம் 6000க்கும் மேல் கட்டினார்கள். தேவையில்லாத பாகத்தை எல்லாம் கழித்து, கெதியாகக் கட்டி, கிழக்கு முனைக்கு ஆயுதம் அனுப்பினார்கள். மனிதரைச் சாமான் பெட்டிகளில் அடைத்துச் சாவு முகாம்களுக்குக் கொண்டுபோனதும் அதே றெயில்வேதான். இழுவிசைக் கணக்கு அழகானது என்று எழுதும்போது பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதையும் எழுத வேண்டும். தண்டவாளம் பங்கர் கூரையாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்த ஊர் இது.

சில்லுச்சத்தம்

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, கனகராயன். அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

அதோடு இதையும் சேர்க்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு அதே 52ஆம் வகுப்பு போலந்தில், சோவியத்தில், ஒஸ்திரியாவில், துருக்கியில் பல்லாண்டு நிலக்கரியும் தானியமும் இழுத்தது. யார்மேல் படை எடுக்கக் கட்டினார்களோ அவர்களின் ஊரைத் திருப்பிக் கட்டச் சீமெந்து சுமந்தது. பிரான்சின் கதையும் கேளுங்கள். யுத்தத்தில் எஞ்சின்களை இழந்த அந்த நாட்டுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 141R என்று 1,340 எஞ்சின்கள் கட்டினார்கள். அதில் 17 போய்ச் சேரவில்லை, கப்பலோடு அத்திலாந்திக்கில் மூழ்கிவிட்டன. மற்றவை பிரான்சின் சாமானையும் ஆட்களையும் இழுத்து நிமிர்த்தின. பெட்டிக்குள் என்ன ஏற்றுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார்கள்.

மாங்குளத்தான்

கனகராயன் அண்ணை எழுதியதை அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சொன்னார். அவர் சொன்னதை என்னால் முடிந்தமட்டும் எழுத்தாக்குகிறேன்.

அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பொடியனாக இருந்தபோது, இரவில் காட்டுப் பக்கத்தில் இருந்து முதலில் வருவது சத்தம். ஆட்களின் கோச்சி என்றால் சத்தம் நெருக்கமாக, ஓட்டமாக இருக்குமாம். சாமான் கோச்சி என்றால் ஒவ்வொரு மூச்சையும் எண்ணலாமாம். நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது சாரதி முதலில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவாராம். பெட்டிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று நெருங்கி முட்டும். பிறகு முன்னுக்கு இழுத்தால் முதல் பெட்டி டங் என்று அசையும், அடுத்தது டங், அடுத்தது டங். அந்தச் சத்தம் ஸ்டேசனுக்கு முன்னால் தொடங்கிக் கடைசிப் பெட்டி வரைக்கும் இருட்டுக்குள் ஓடிப் போய் முடியும். படுக்கையில் கிடந்து பெட்டியை எண்ணுவாராம். எண்ணி முடிய நித்திரை வந்துவிடுமாம்.

காலையில் கிணற்றடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கரித்தூள் பொட்டுப் பொட்டாக இருக்கும். அம்மப்பாவின் அம்மா அதற்கு எஞ்சின்காரனைத் திட்டுவாராம். காங்கேசன்துறைச் சீமெந்து தெற்கே போகும்போது பெட்டியின் கதவு இடுக்கில் சாம்பல் நிறத்தில் தூசு படிந்திருக்கும், தொட்டால் கை வறண்டுபோகும் என்று விரலைத் தேய்த்துக் காட்டினார். 84 வயதிலும் அந்த விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஓமந்தையூரான் (லீட்ஸ்)

அந்த டங் டங் ஏன் என்று சொல்கிறேன். இங்கே பழைய சாமான் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று கண்ணிச் சங்கிலியால் தொங்கலாகக் கொழுவியிருக்கும். எல்லாப் பெட்டியையும் ஒரே நேரத்தில் அசைக்க எஞ்சினால் முடியாது. சங்கிலி தொய்வாக இருந்தால் ஒவ்வொன்றாக அசைக்கலாம். கொளுக்கி வேறு மாதிரி இருந்தாலும் கொஞ்சத் தொய்வு எங்கேயும் இருக்கும். தாத்தாவின் சாரதி பின்னுக்குத் தள்ளியது அதற்காகத்தான்.

யோர்க் றெயில்வே அரும்பொருளகம் எனக்குப் பக்கம். சில்லுச்சத்தம் எழுதிய 9Fஇல் கடைசியாகக் கட்டிய 92220 அங்கே நிற்கிறது. ஈவினிங் ஸ்ரார் என்று பெயர். மற்ற 9F எல்லாம் கறுப்பு. இதற்குப் பச்சை வர்ணம் பூசி, புகைபோக்கிக்குச் செப்பு வளையம் போட்டார்கள். பிரித்தானிய றெயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சின் என்பதால் அந்த மரியாதை.

பிள்ளைகளோடு போனபோது குனிந்து சில்லுகளைப் பார்த்தேன். ஐந்து சோடியில் நடுச் சோடிக்கு விளிம்பு இல்லை, மொட்டையாக இருக்கிறது. மற்றச் சில்லுகளுக்கு உள்பக்கம் விளிம்பு இருக்கும், அதுதான் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடிப்பது. நடுவிலும் விளிம்பு இருந்தால் இவ்வளவு நீளச் சில்லு வரிசை வளைவில் இறுகிவிடும். அதனால் நடுவில் உள்ளதை மொட்டையாக விட்டு, வளைவில் தண்டவாளத்தின் மேல் கொஞ்சம் நகர இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்த மொட்டைச் சில்லில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது.

அந்த எஞ்சின் 1960இல் வேலைக்கு வந்து 1965இல் நிறுத்தப்பட்டது. ஐந்தே வருடம். முப்பது, நாற்பது வருடம் உழைக்கக்கூடிய இரும்பு. டீசலுக்கு மாறுவது என்று 1955இலேயே திட்டம் போட்டுவிட்டு, 1960 வரை இதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும்.

பரந்தன் பொடியன்

தண்ணீர்? இங்கே ஆடி, ஆவணியில் கிணறே வற்றிவிடும். இவ்வளவு நீராவிக்குத் தண்ணீருக்கு எங்கே போவது?

செட்டிகுளம் ரீச்சர்

நீராவி எஞ்சின் தண்ணீரைத் திருப்பி எடுப்பதில்லை தம்பி. பிஸ்டனைத் தள்ளிய நீராவி புகைபோக்கியால் வெளியே போய்விடும். அந்த வேகம்தான் தீயறைக்குக் காற்றையும் இழுத்துக் கொடுக்கும். நாம் கேட்கும் மூச்சுச் சத்தம் அதுதான். அதனால் கரியைவிடத் தண்ணீர் கெதியாக முடியும்.

வன்னியைவிட வறண்ட நிலத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தென்னாபிரிக்காவின் கரூ பாலைநிலம். அங்கே 1953 தொடக்கம் 25ஆம் வகுப்பு என்று 90 எஞ்சின்கள் இறக்கினார்கள். வெளியே போகும் நீராவியைப் பின்னால் உள்ள நீண்ட தண்ணீர் வண்டிக்குக் குழாயால் கொண்டுபோய், பெரிய விசிறிகளால் குளிர்த்தி, மறுபடி தண்ணீராக்கிக் கொதிகலனுக்கு அனுப்புவார்கள். புகைபோக்கியால் நீராவி போகாததால் மூச்சுச் சத்தமே இல்லை, விசிறியின் ரீங்காரம் மட்டும்தான். தீக்குக் காற்று இழுக்கவும் தனி விசிறி வேண்டும். திருத்த வேலை கூடிப்போய், பின்னாளில் அநேகமானவற்றைச் சாதாரண எஞ்சினாக மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரின் விலை தெரிந்தவர் வரைந்த எஞ்சின் அது.

மன்னார்க் காற்று

தலைமன்னார்ப் பாதைக்காரன் நான். எங்கள் பக்கத்தையும் சேருங்கள். 1914இல் அந்தப் பாதை திறந்தது. மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் வழியாக வரும். தனுஷ்கோடிக்குக் கப்பல். அக்கரையில் இருந்து பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. அக்கரையில் இருந்தது ஒரு மீற்றர் மட்டும் அகலமான மீற்றர் பாதை, எங்களுடையது அகலப் பாதை. ஆட்களும் சாமானும் இறங்கி ஏற வேண்டியதுதான். 1964 புயலோடு தனுஷ்கோடியும் போனது.

இந்தியாவின் அகலப் பாதை எங்களுடைய அதே 5 அடி 6 அங்குலம். அங்கே சாமானுக்கென்று கட்டிய WG வகுப்பு, 2-8-2, 1950 முதல் 1970 வரை 2,400க்கும் மேல். சித்தரஞ்சன் தொழிற்சாலையின் முதல் எஞ்சினும் WGதான், தேசபந்து என்று பெயர். அகலத்தால் அது வவுனியாவில் நின்றிருக்கலாம். ஆனால் அச்சுக்கு 18 தொன்னுக்கு மேல். சில்லுச்சத்தம் சொன்ன கணக்கில் 80 இறாத்தல் பாதைக்குக் கூடுதல்தான்.

எங்களிடம் கனமான நீராவி எஞ்சின் வரும் காலமும் அதோடு முடிந்தது. 1954இல் கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கனடாவின் M2 டீசல் எஞ்சின்கள் வந்தன. இலங்கையில் நிலக்கரி கிடையாது, கப்பலில் வாங்கி எரித்த நாடு. டீசல் வந்ததும் கரிக்கோச்சி நிற்கத் தொடங்கியதில் நியாயம் இருக்கிறது.

கனகராயன்

அப்புறம் ஒரு கேள்வி, எல்லாருக்கும். பாதை திரும்பி வந்துவிட்டது. 2013இல் கிளிநொச்சி, 2014இல் யாழ்ப்பாணம், 2015இல் காங்கேசன்துறையும் தலைமன்னாரும். ஆனால் கிளிநொச்சி நெல்லும் ஆனையிறவு உப்பும் இன்றைக்கும் பெரும்பாலும் ஏ9இல் லொறியில் போகின்றன. ரீச்சர் சொன்ன நாலைந்து கிலோ கணக்கு லொறி ரயருக்குச் சில மடங்கு கூடும். புதுத் தண்டவாளம் இவ்வளவு நல்லதாகக் கிடக்கும்போது, அறுவடைக் காலத்தில் மட்டுமாவது ஒரு சாமான் கோச்சி விட வேண்டும் என்று கமக்கார அமைப்புகள் கேட்க வேண்டும். நான் எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன்.

செட்டிகுளம் ரீச்சர்

கணக்குத் தேவைப்பட்டால் நான் எழுதித் தருகிறேன், அண்ணை.

மாங்குளத்தான்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை மகனும் நானும் மண்ணெண்ணெயும் கம்பிப் பிரஸும் எடுத்துக்கொண்டு அந்த நீளத் துண்டில் இருந்தோம். தண்டவாளத்தின் நடு இடுப்பில் எழுத்து மாதிரி மேடு தட்டுப்படுகிறது என்று அவன்தான் முதலில் சொன்னான். ஒரு மணித்தியாலம் தேய்த்தோம். துரு தட்டுத் தட்டாகக் கழன்றது. முன்னால் இருந்த எழுத்துகள் அரித்துப் போய்விட்டன. நடுவில் 80 என்ற இலக்கம் தெளிவாக வந்தது. மகன் அதன்மேல் கொப்பித் தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதி எடுத்தான். அம்மப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்க்காமல் தண்டவாளத்தையே தடவினார்.

மூன்று அடித் துண்டை ரீச்சரின் வகுப்புக்குத் தரலாம் என்று யோசிக்கிறோம். இந்தச் சனிக்கிழமை செட்டிகுளம் பக்கம் வருகிறேன். மற்றது கிணற்றுக்கே திரும்பிப் போய்விட்டது. பின்னேரம் கப்பியைக் கொழுவி முதல் வாளி அள்ளினோம்.